கொழும்பு மாநகர சபை: ஆசனக் கணக்கில் மறைந்துபோகும் நகரக் கணக்கு

கொழும்பு மாநகர சபையின் 2026ஆம் ஆண்டுக்கான வரவு-செலவுத் திட்டம் 2025 டிசம்பர் மாதம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது ஆதரவாக 57 வாக்குகளும் எதிராக 60 வாக்குகளும் அளிக்கப்பட்டன. மூன்று வாக்குகளால் தோற்கடிக்கப்பட்ட அத்திட்டம் மாத இறுதியில் மீண்டும் சமர்ப்பிக்கப்பட்டு மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. இரு வாக்கெடுப்புகளுக்கும் இடைப்பட்ட நாட்களில் தலைநகரின் அரசியல் வட்டாரங்களில் எழுந்த கேள்விகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே வகையானவை. எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் சாய்வார், எந்தக் கட்சி எவருக்கு எதிராக ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும், மேயரின் பதவி நிலைக்குமா என்பவையே அவை. அத்திட்டத்தில் எந்த வட்டாரத்திற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருந்தது, எந்த வடிகால் திருத்தப்பட இருந்தது, எந்தப் பொதுக் கழிப்பிடத் தொகுதி கைவிடப்பட்டிருந்தது என்பன பற்றி வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஆதன வரி செலுத்தும் ஒருவருக்குத் தெரிய வந்ததாகக் கூற முடியாது.

இதற்கு ஆளும் தரப்பை மாத்திரமோ எதிர்த்தரப்பை மாத்திரமோ குற்றஞ்சாட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால், கொழும்பு மாநகரத்தின் உள்ளூராட்சி அரசியல் நீண்ட காலமாகவே ஆசனக் கணக்காகச் சுருங்கி வந்திருக்கிறது. அதற்குள் நகரத்தின் உண்மையான கணக்கு மறைந்துபோகிறது. அந்த மறைவினால் அதிகம் பாதிக்கப்படுபவர்களில் தமிழ் பேசும் மக்கள் முக்கிய இடத்தில் உள்ளனர் என்பதையே இங்கு ஆராய வேண்டியுள்ளது.

இரகசியமாகத் தெரிவான மேயர்

2025 மே 6ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலில் கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி 48 ஆசனங்களைப் பெற்றது. ஐக்கிய மக்கள் சக்தி 29 ஆசனங்களையும் ஐக்கிய தேசியக் கட்சி 13 ஆசனங்களையும் பெற்றன. எஞ்சியவை ஏனைய கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் பகிரப்பட்டன. எத்தரப்புக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காததால் மேயரைத் தெரிவு செய்யும் பொறுப்பு உறுப்பினர்களிடம் சென்றது. ஜூன் 16ஆம் திகதி கூடிய முதலாவது கூட்டத்தில், வாக்கெடுப்பு பகிரங்கமாக நடைபெற வேண்டுமா இரகசியமாக நடைபெற வேண்டுமா என்பதிலேயே சர்ச்சை மூண்டது. எதிர்த்தரப்பின் ஆட்சேபத்திற்கு மத்தியில் இரகசிய வாக்கெடுப்பே நடத்தப்பட்டது. தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலீ பல்தசார் 61 வாக்குகளையும் ஐக்கிய மக்கள் சக்தியின் ரிசா சறூக் 54 வாக்குகளையும் பெற்றனர். இரண்டு வாக்குகள் செல்லுபடியற்றவையாயின.

48 ஆசனங்களைக் கொண்ட கட்சிக்கு 61 வாக்குகள் கிடைத்தன என்றால் வேறு அணிகளில் தெரிவான 13 உறுப்பினர்களாவது அதற்கு வாக்களித்திருக்க வேண்டும். அவர்கள் அவ்வாறு வாக்களித்தது தவறென்று எவரும் கூற முடியாது. பெரும்பான்மையற்ற சபையில் உடன்பாடுகள் தவிர்க்க முடியாதவை. ஆனால், மே மாதத்தில் ஒரு சின்னத்திற்கு வாக்களித்த கொட்டாஞ்சேனை வாக்காளர், ஜூன் மாதத்தில் தனது உறுப்பினர் எவரை மேயராக்கினார் என்பதை அறிய வழியில்லை. எந்த நிபந்தனைக்கு, எந்த உறுதிமொழிக்கு அந்த வாக்கு அளிக்கப்பட்டது என்பதும் தெரியாது. வாக்காளனின் வாக்கு இரகசியமாக இருக்க வேண்டியது அவனது பாதுகாப்புக்காகும். பிரதிநிதியின் வாக்கு அவ்வாறானதன்று. அது இரவல் வாங்கிய வாக்கு. இரவல் கொடுத்தவனுக்குக் கணக்குக் காட்ட வேண்டியது.

இத்தகைய நிலைமை புதியதுமன்று. 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பு மனு நிராகரிக்கப்பட்டதால், அக்கட்சியின் ஆதரவாளர்கள் ஒரு சுயேச்சைக் குழுவுக்கு வாக்களித்தனர். அதன் விளைவாக, முச்சக்கர வண்டிச் சாரதியான உவைஸ் மொஹமட் இம்தியாஸ் மேயரானார். அடித்தட்டிலிருந்து ஒருவர் அப்பதவிக்கு வந்தது வரவேற்கத்தக்கதே ஆயினும், வாக்காளர்கள் அறிந்து தெரிவு செய்த நிர்வாகம் அது என்று சொல்ல முடியாது. பின்னர் அச்சபை கலைக்கப்பட்டு, நிர்வாகம் விசேட ஆணையாளரிடம் சென்றது. 2011 அக்டோபரில் நடைபெற்ற தேர்தலில் ஏ.ஜே.எம். முஸம்மில் மேயரானார். அத்தேர்தலில் மனோ கணேசன் தலைமையிலான ஜனநாயக மக்கள் முன்னணி ஆறு ஆசனங்களைப் பெற்றது. 2018 பெப்ரவரி தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 119 ஆசனங்களில் 60ஐ வென்று, ரோஸி சேனாநாயக்க நகரின் முதலாவது பெண் மேயரானார்.

அச்சபையின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. அம்மாதம் 9ஆம் திகதி நடைபெறவிருந்த தேர்தல் நிதியில்லை என்ற காரணத்தால் நடைபெறாமற் போனது. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு வருடங்களுக்கும் மேலாகத் தலைநகரம் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரேனும் இன்றி அதிகாரிகளால் நிர்வகிக்கப்பட்டது. அதனால் நகரத்தின் அன்றாட வாழ்வில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று பலர் கூறியதைக் கேட்க முடிந்தது. சபையின் மீது மக்களுக்கிருந்த எதிர்பார்ப்பு எவ்வளவு தாழ்ந்து போயிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

திட்டமிடுவது யார்?

மாநகர சபைக்குத் திட்டமிடல் அதிகாரம் உண்டு என்று நம்பியே பெரும்பாலானோர் வாக்களிக்கின்றனர். வேட்பாளர்களும் அவ்வாறே வாக்குறுதி அளிக்கின்றனர். உண்மை நிலை வேறு. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் உருவான இச்சபை, நகரின் தெருக்களையும் வடிகால்களையும் சுகாதாரத்தையும் தன் பொறுப்பில் கொண்டிருந்தது. நவீன நகரத் திட்டமிடலின் முன்னோடிகளில் ஒருவரான பற்றிக் கெடிஸ் 1921இல் கொழும்புக்கென ஒரு திட்டத்தை வகுத்தார். கொழும்பைப் பூங்கா நகரமாக்கும் அவரது கனவின் எச்சங்களைக் கறுவாத்தோட்டப் பகுதியில் இன்றும் காணலாம். கொட்டாஞ்சேனையில் காண முடியாது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்ட பின்னர் நகரத் திட்டமிடலின் கடிவாளம் மத்திய அரசிடம் சென்றது. சிறிய கட்டடங்களுக்கான அனுமதி போன்றவை மாநகர சபையிடம் கையளிக்கப்பட்ட அதிகாரங்களாகவே உள்ளன. கையளித்தவர் மீளப் பெறவும் முடியும்.

2010இல் இவ்வதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. நகரத்தை அழகுபடுத்துவதும் நகரத்தைப் பாதுகாப்பதும் ஒரே அமைச்சின் கடமைகளான அக்காலப்பகுதியை இந்நகரின் வறிய மக்கள் இலகுவில் மறக்க மாட்டார்கள். அவ்வருடம் மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர், வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழ்வதாகக் கணக்கிடப்பட்ட சுமார் 68,000 குடும்பங்களை மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றும் பாரிய திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. தெமட்டகொடவிலும் ஹேனமுல்லவிலும் எழுந்த பன்மாடித் தொகுதிகள் அதன் விளைவுகளாகும். இத்தீர்மானங்களில் மாநகர சபை உறுப்பினர்களுக்கு இருந்த பங்கு மிகச் சிறியது. பின்னாளில் கடலை நிரப்பி உருவாக்கப்பட்ட 269 ஹெக்டயர் பரப்புள்ள துறைமுக நகரமும் 2021ஆம் ஆண்டின் சட்டத்தால் தனியான ஆணைக்குழுவிடம் சென்றது. மாகாண சபைத் தேர்தல் 2014இன் பின்னர் மேல் மாகாணத்தில் நடைபெறவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மாநகர சபைக்கும் மத்திய அரசுக்கும் இடையில் மக்களின் பிரதிநிதிகள் எவரும் இல்லாத வெற்றிடம் ஒன்று உண்டு என்பது புலனாகும்.

வெள்ளவத்தையின் கட்டடங்கள்

காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வெள்ளவத்தையின் ஒடுங்கிய ஒழுங்கைகளை முப்பது வருடங்களுக்கு முன் கண்டவர்கள் இன்று அவற்றை அடையாளம் காண்பது கடினம். 1983இன் பின்னரும், பின்னர் யுத்தம் தீவிரமடைந்த காலத்திலும் வடக்கிலிருந்து வந்தவர்கள் இங்கு குடியேறினர். புலம்பெயர்ந்த உறவுகளின் பணம் வந்து சேர்ந்தது. ஒரு குடும்பம் வாழ்ந்த காணியில் முப்பது குடும்பங்கள் வாழும் தொடர்மாடிகள் எழுந்தன. இதில் இகழ்ச்சிக்குரியது எதுவுமில்லை. ஊரில் வீட்டை இழந்தவனுக்கு நான்காம் மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தது பெரும் ஆறுதலாகவே இருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டதும், மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் நினைவிருக்கும். விடுதியில் தங்குவதற்கும் சொந்த உறுதிப்பத்திரத்துடன் வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று ஒவ்வொரு குடும்பமும் உணர்ந்தது. தொடர்மாடி வீடு ஒரு முதலீடாக மாத்திரமன்றி, ‘நான் இந்நகரத்தவன்’ என்பதற்கான அத்தாட்சியாகவும் மாறியது.

ஆனால், கட்டடங்கள் உயர்ந்த வேகத்தில் நிலத்தின் கீழுள்ளவை மாறவில்லை. கொழும்பின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதியின் பழைய பகுதிகள் நூறு வருடங்களைக் கடந்தவை. நகரின் கழிவுநீர் தெற்கே வெள்ளவத்தையிலும் வடக்கே முகத்துவாரத்திலும் நீண்ட குழாய்கள் மூலம் கடலுக்குள் விடப்படும் வகையிலேயே அத்தொகுதி அமைந்தது. நாம் பேசும் இவ்விரு பகுதிகளும் முழு நகரத்தின் கழிவையும் தாங்கும் இரு முனைகளாக இருந்து வந்துள்ளன என்பது கவனிக்கத்தக்கது. மழை பெய்தால் ஒழுங்கையில் முழங்கால் அளவு நீர் நிற்பதும், வாகனத் தரிப்பிடமற்ற கட்டடங்களின் வாகனங்கள் நடைபாதையில் நிற்பதும், தீயணைப்பு வண்டி திரும்ப இடமின்றித் தவிப்பதும் இதன் தொடர்ச்சிகளே.

2017 மே 18ஆம் திகதி வெள்ளவத்தை சார்லிமன்ட் வீதியில் பன்மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து வீழ்ந்ததில் உயிரிழப்பு ஏற்பட்டதுடன் பலர் காயமடைந்தனர். உரிய அனுமதியின்றிக் கட்டப்பட்டதாக அப்போது குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஆய்வுகள் நடத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. பரபரப்பு அடங்கியது. இதில் நாம் ஒளித்துவைக்க முடியாத உண்மை ஒன்றுண்டு. அனுமதிக்கப்பட்ட மாடிகளுக்கு மேல் ஒரு மாடியைச் சேர்ப்பவர்களும், வாகனத் தரிப்பிடத்தைக் கடையாக மாற்றுபவர்களும், இணக்கச் சான்றிதழ் இல்லையெனத் தெரிந்தும் விலை குறைவு என்பதற்காக வாங்குபவர்களும் எம்மவர்களிலும் உள்ளனர். பிற்பாடு ஒரு மாநகர சபை உறுப்பினரைப் பிடித்து அதனைச் சரிக்கட்டிவிடலாம் என்ற நம்பிக்கையே இதற்குத் துணை. தேர்தல் காலத்தில் சில வேட்பாளர்களின் வாக்குறுதியும் இதுவே. இவ்வாறு பெறப்படும் சலுகை ஒரு குடும்பத்தின் நன்மையாகத் தோன்றினாலும் முழு ஒழுங்கைக்கும் ஆபத்தாகவே முடியும்.

கொட்டாஞ்சேனையின் தோட்டங்கள்

வடக்கு முனையில் நிலைமை வேறு வகையானது. ஜம்பட்டா வீதி, ஜிந்துப்பிட்டி, புளூமெண்டல் வீதி, மட்டக்குளி எங்கும் ‘தோட்டம்’ என அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்புகள் பரவியுள்ளன. துறைமுகத்தையும் புறக்கோட்டைச் சந்தையையும் நம்பி வாழ்ந்த தமிழ், முஸ்லிம், சிங்களத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கு ஒன்றாக வாழ்கின்றனர். பலரிடம் காணி உறுதி இல்லை. எனவே திட்டம் என்றதும் வெள்ளவத்தைவாசி தன் காணியின் பெறுமதி கூடுமா என நினைக்கிறார். கொட்டாஞ்சேனைவாசி தான் எங்கே அனுப்பப்படுவேன் என அஞ்சுகிறார்.

நகரின் குப்பை நீண்ட காலம் புளூமெண்டல் மேட்டில் கொட்டப்பட்டது. 2009இல் நீதிமன்ற உத்தரவால் அது நிறுத்தப்பட்டபோது குப்பை மீதொட்டமுல்லைக்குச் சென்றது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், அம்மேடு சரிந்து 32 பேர் மாண்டனர். மீதொட்டமுல்லை மாநகர சபையின் எல்லைக்கு வெளியே உள்ளது. அங்கு இறந்தவர்களுக்கு அக்குப்பையை அனுப்பிய சபையில் ஒரு வாக்கும் இருக்கவில்லை. பின்னர் புத்தளம் அருவக்காட்டுக்கு அனுப்ப ஏற்பாடானபோது அங்குள்ள மக்கள் எதிர்த்தனர். ஒரு நகரம் தன் சுமையை எப்போதும் பேச முடியாதவர்களின் வாசலிலேயே இறக்கி வைக்கும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

மாடிக் குடியிருப்புகளும் முழுத் தீர்வாகவில்லை. ஒழுகும் பலகை வீட்டிலிருந்து தனிக் கழிப்பறையுள்ள வீட்டுக்குச் சென்றவர்களில் மகிழ்ந்தோர் உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால், வாசலில் இடியப்பம் அவித்து விற்ற பெண் பத்தாம் மாடியில் எவருக்கு விற்பாள்? மீன் வண்டியை எங்கே நிறுத்துவது? தவணைப் பணத்தையும் பராமரிப்புக் கட்டணத்தையும் நாட்கூலியில் எவ்வாறு கட்டுவது? மின்தூக்கி பழுதானால் யார் பொறுப்பு? வீடு கட்டியது ஓர் அதிகார சபை. குப்பை அகற்றுவது மாநகர சபை. தெரு விளக்கும் வடிகாலும் வேறு வேறு மேசைகளில். இக்கேள்விகளோடு அலையும் குடும்பத்திற்கு அண்மையிலுள்ள ஒரே பிரதிநிதி வட்டார உறுப்பினர்தான். அவருக்கோ அதிகாரமில்லை. எனவே அவர் தருவது பரிந்துரைக் கடிதம். அடுத்த தேர்தலில் பெறுவது வாக்கு.

பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

மாநகர சபைக்குத் திட்டமிடல் அதிகாரம் குறைவாக இருப்பினும் பணம் உண்டு. ஆதன வரி, வர்த்தக அனுமதிக் கட்டணங்கள், காணிக் கைமாற்றங்களின் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப் பணம் என்பன அதன் வருவாய் வழிகளாகும். முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் செலுத்தினால் 10 வீதக் கழிவு உண்டு. அக்கழிவுக்காக வருடத் தொடக்கத்தில் பணம் செலுத்த விரையும் ஓய்வூதியர்கள் பலரை நாம் அறிவோம். அப்பணம் திரும்பி எந்த வடிவில் தம் ஒழுங்கைக்கு வந்தது என்று அவர்களில் எவரும் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை. கேட்டாலும் வட்டார வாரியாக வரவையும் செலவையும் எளிதாகப் பார்க்கக்கூடிய ஏற்பாடு அவர்களுக்கு எட்டும் நிலையில் இல்லை.

செலவைப் பற்றிய சர்ச்சைகள் இதனால் விகாரமான வடிவத்தை எடுக்கின்றன. உறுப்பினர் ஒவ்வொருவரும் தமது வட்டார வேலைகளுக்கென ஒதுக்கீடு கோருகின்றனர். அது கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அவர் எந்த அணியில் அமர்ந்திருக்கிறார் என்பதில் தங்கியுள்ளதாக முறைப்பாடுகள் எழுகின்றன. எந்த ஆட்சியிலும் இம்முறைப்பாடு ஓய்ந்ததில்லை. கலப்பு முறையின் கீழ் உறுப்பினர் தொகை முன்னைய 53இலிருந்து இரு மடங்குக்கு மேல் உயர்ந்துள்ள நிலையில், பங்கு கேட்போர் அதிகரித்துள்ளனர். பங்கிடும் விதி மாத்திரம் எழுதப்படாமலே உள்ளது. மூன்று வாக்குகளால் ஒரு வரவு-செலவுத் திட்டம் தோற்பதும் பின்னர் மயிரிழையில் வெல்வதும் இச்சூழலில் வியப்புக்குரியதன்று.

வட்டார வாரியாகக் கணக்கு வெளியிட்டால், அதிக வரி செலுத்தும் பகுதி தன் பணம் தனக்கே வேண்டும் என்று கேட்குமே என்ற ஆட்சேபம் எழலாம். அது நியாயமான ஆட்சேபமே. கறுவாத்தோட்டத்தின் வரி கறுவாத்தோட்டத்திற்கே என்றால் கொட்டாஞ்சேனைக்கு எதுவும் மிஞ்சாது. ஆனால், ஒரு நகரம் என்பதன் பொருளே உள்ளவனின் பணம் இல்லாதவனின் வடிகாலுக்கும் செல்வது என்பதாகும். அதனைப் பகிரங்கமாகச் செய்யலாம்; மறைத்துச் செய்ய வேண்டியதில்லை. மறைவில் நடக்கும் பங்கீடு வறியவனுக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை.

தமிழ் வாக்காளரின் முன்னுள்ள கேள்வி

இம்மாநகரத்தில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எவருக்கும் தனிப் பெரும்பான்மை கிடையாது. 1937இல் இந்நகரின் முதலாவது தெரிவு செய்யப்பட்ட மேயராக வந்தவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து என்ற தமிழர். அவரது துணைவியார் நேசம் சரவணமுத்து 1932இல் கொழும்பு வடக்குத் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குச் சென்றவர். இப்பெருமைகளை நினைவுகூர்வதில் தவறில்லை. ஆனால் தேர்தல் தோறும் எத்தனை தமிழ் உறுப்பினர்கள் தெரிவாகினர் என்பதை எண்ணி முடித்ததும் எமது அக்கறையும் முடிந்துவிடுகிறது. எண்ணப்பட்ட அவ்வுறுப்பினர்கள் சபையில் கட்டட அனுமதி பற்றியோ வடிகால் பற்றியோ என்ன பேசினர் என்பதைக் கேட்பார் இல்லை.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒரே மொழி பேசினும் ஒன்றையொன்று அறியாதவையாக இருப்பது இதிலும் பெரிய குறைபாடாகும். தொடர்மாடிவாசிக்குத் தோட்டவாசியின் வெளியேற்றம் வேறு எவருடையதோ பிரச்சினை. தோட்டவாசிக்குத் தொடர்மாடியின் கழிவுநீர் பணக்காரர்களின் முறைப்பாடு. இரண்டும் ஒரே சபையின், ஒரே அதிகார சபையின், ஒரே குழாய்த் தொகுதியின் பிரச்சினைகள் என்பதை இணைத்துச் சொல்லும் அரசியல் இன்னும் தோன்றவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் களனி கங்கை பெருக்கெடுத்தபோது வெள்ளம் வீட்டுரிமைப் பத்திரத்தைப் பார்த்து நுழையவில்லை.

செய்யக்கூடியவை பல உள்ளன. மேயர் தெரிவும் வரவு-செலவு வாக்கெடுப்பும் பெயர் கூறி அளிக்கப்படும் பகிரங்க வாக்குகளால் நடைபெற வேண்டும். பன்மாடிக் கட்டட விண்ணப்பம் ஒவ்வொன்றும் அனுமதிக்கு முன் அந்த வீதியிலேயே மும்மொழிகளிலும் அறிவிக்கப்பட வேண்டும். வட்டார வாரியான வரவும் செலவும் வருடந்தோறும் வெளியிடப்பட வேண்டும். குடியிருப்பாளர்களின் எழுத்து மூலச் சம்மதமும் மீள்குடியமர்த்தும் இடம் பற்றிய உறுதியும் இன்றி எத்தோட்டமும் அகற்றப்படலாகாது. நகர அபிவிருத்தி அதிகார சபை கொழும்பு பற்றி எடுக்கும் முடிவுகள் சபையின் முன் விவாதிக்கப்பட வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் தன் வீதியின் கட்டட அனுமதியையும் தன் வட்டாரத்தின் செலவையும் கேட்டுப் பெறலாம். அரசியலமைப்பின்படி தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.

57க்கு 60 என்ற கணக்கு சில மாதங்களில் மறக்கப்பட்டுவிடும். அடுத்த வருடம் வேறு எண்கள் வரும். ஆனால் வெள்ளவத்தையின் ஒழுங்கையில் அடுத்த மாடி எழும்போதும், கொட்டாஞ்சேனைத் தோட்டத்தின் சுவரில் அளவையாளர் இலக்கமிடும்போதும் அந்த எண்களால் பயனில்லை. வருட ஆரம்பத்தில் ஆதன வரிப் பற்றுச்சீட்டை வாங்கும் ஒவ்வொருவரும் அதனைப் பத்திரமாக வைப்பதுடன் நின்றுவிடாமல், அப்பணத்துக்கு என்ன நேர்ந்தது என்று தம் வட்டார உறுப்பினரிடம் ஒரு கடிதமாவது எழுதிக் கேட்பார்களாயின், நான்கு வருடங்களுக்கு ஒருமுறை அளிக்கும் வாக்கு அதன்பின் பெறுமதியுடையதாகும்.